வாசலில் முப்பத்தெட்டு நிமிசம்

கொட… கொட… கொட… டொக்!

கேட்டுதோ தம்பி? பயப்பிடாதேங்கோ, உங்கட கார் இல்லை. என்ரை காரும் உடையேல்லை. அது தேங்காய். டிக்கியிலை நாப்பது கிடக்கு. உள்ளுக்கை மனுசி காலை நீட்டி மடக்கினாலே ஒண்டு உருண்டு போய் மற்றதிலை இடிக்கும். டோர்ட்முண்டிலை இருந்து இவ்வளவு தூரமும் உந்தச் சத்தத்தோடைதான் வாறம். ரேடியோ போடத் தேவையில்லை.

நீங்கள் "தமிழா?" எண்டு கேட்ட அந்த நிமிசமே ஸ்பொஞ்சை வாளிக்கை போட்டிட்டன் பாருங்கோ. கார்க் கண்ணாடி எங்கை ஓடப்போகுது? பூச்சியெல்லாம் செத்துத்தானே கிடக்கு. கோயம்புத்தூரோ? நல்லது, நல்லது. வீட்டுக்காரி கோப்பி வாங்கப் போட்டாவோ? வெள்ளிக்கிழமைப் பின்னேரம் இந்தப் பெற்றோல் செட்டிலை கோப்பிக்கு நிண்டால் கால் மணித்தியாலம். அதுக்கிடையிலை உங்கட கையிலை இருக்கிற அந்தப் பேப்பரை ஒருக்காத் தாங்கோ. பிளான்தானே அது? தாங்கோ, தாங்கோ. எனக்குப் பிளான் எண்டால் கலியாண வீட்டுப் பலகாரம் மாதிரி.

ம்… காலமை எட்டு மணி ஆம்ஸ்ரர்டாம். பின்னேரம் அஞ்சு மணி லுசேர்ண், ஏரிக்கரையில் நடை. நாளை காலமை எட்டு மணிக்குப் புறப்பட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு வெனிஸ், படகுச் சவாரி.

தம்பி, கோவிக்காதேங்கோ. இப்ப மணி நாலு பத்து. நீங்கள் இன்னும் ப்ரைபேர்க்கைத் தாண்டேல்லை. பாசல் எல்லை இருக்கு, அங்கை சுவிஸ் ரோட்டுக்கு ஸ்ரிக்கர் வாங்கி ஒட்டோணும். ஏரிக்கரையிலை இண்டைக்கு நீங்கள் நடக்கப் போறது டோர்ச் லைட்டோடைதான். நாளைக்குச் சனி. யூலை மாதச் சனிக்கிழமை கோத்தார்ட் சுரங்க வாசல்லை கார் எல்லாம் திருவிழாத் தேருக்குப் பின்னாலை சனம் நிக்கிற மாதிரி நிக்கும். படகுக்காரன் வீட்டை போய் நித்திரையாகினாப் பிறகுதான் நீங்கள் வெனிசுக்குப் போய்ச் சேருவியள்.

ஃபோன் சொன்னதெண்டோ? ஃபோன் பொய் சொல்லாது. ஆனால் அது ஆருக்குச் சொல்லுது எண்டு யோசிச்சுப் பாத்தனியளோ? பசிக்காத, மூத்திரம் வராத, சொந்தக்காரர் இல்லாத ஒருத்தனுக்கு. அப்பிடி ஒருத்தனை நான் ஐரோப்பாவிலை இன்னும் சந்திக்கேல்லை.

நான் ஆர் எண்டு சொல்லேல்லை என்ன? பேர் நகுலேசன். பார்சல் பிரிக்கிற இடத்திலை இருபத்தாறு வருசமா இரவு வேலை. ஊரிலை பத்தாம் வகுப்போடை சரி. ஜெர்மன் கூட வகுப்புக்குப் போய்ப் படிக்கேல்லை. வேலையிலை ஒரு ரேடியோ விடிய விடிய ஓடும், அதிலை அரை மணிக்கொருக்கா ரோட்டு நிலவரம் சொல்லுவினம். அதைக் கேட்டுப் படிச்ச ஜெர்மன். அதாலை எனக்குத் தெரிஞ்ச சொல்லெல்லாம் ரோட்டுச் சொல்லு. ஒருக்கா வயிறு சரியில்லாமல் டொக்டரிட்டைப் போனன். எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. "கீழ்ப்பாதையில் அடைப்பு. மூன்று நாளாக நகர்வு இல்லை" எண்டு சொன்னன். மனுசன் ஒரு கேள்வி கேக்கேல்லை, மருந்து எழுதித் தந்திட்டார்.

பவளம், வாறன்! அஞ்சு நிமிசம்! … மனுசி. அவளுக்கு எப்பவும் அவசரம்.

ஏன் இந்தளவுக்கு நேரத்தைப் பற்றிக் கதைக்கிறன் எண்டால், எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள். தயாவதி. சுவிசிலை, பேர்ணிலை. அவளுக்குக் கூடப் பிறந்த ஆம்பிளை நான் ஒருத்தன்தான். தொண்ணூற்றி ரெண்டிலை அவள் ஊரிலை இருந்து பிராங்க்ஃபேர்ட்டுக்கு வந்து இறங்கினாள். நான் அப்ப புதுசா லைசென்ஸ் எடுத்த கை. தூரத்தை எப்பிடிக் கணக்குப் பாத்தன் தெரியுமோ? ரோட்டு வரைபடத்திலை அடிமட்டத்தை வைச்சு, நீங்கள் ஸ்கேல் எண்டு சொல்லுவியள். பன்னிரண்டு சென்ரிமீற்றர். "பன்னிரண்டு சென்ரிமீற்றர்தானே, ரெண்டு மணித்தியாலத்திலை வந்திடுவன் தங்கச்சி" எண்டு சொன்னன். அடிமட்டம் நேர் தம்பி. ரோட்டு நேர் இல்லை. ரெண்டு தரம் பிழையான பக்கத்தாலை இறங்கி, ஒரு ஊருக்கை போய் ஊர்வலத்துக்கு நடுவிலை மாட்டி, ஏழு மணித்தியாலம் பிந்திப் போறன். அந்தப் பெட்டை எயார்போட் வாசல்லை சூட்கேசுக்கு மேலை இருக்கிறாள். என்னைக் கண்டதும் எழும்பி, "பரவாயில்லை அண்ணை, வந்திட்டியள்தானே" எண்டாள். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள்.

அந்தப் "பரவாயில்லை அண்ணை"யை ஞாபகம் வைச்சிருங்கோ. இன்னொருக்கா வரும்.

அவளுக்கு ரெண்டு பெட்டையள். மூத்தவள் ஆரணிக்கு அஞ்சு வருசத்துக்கு முன்னாலை கலியாணம். எங்கட பக்கத்திலை கலியாணத்தண்டு காலமை பொம்பிளைக்குத் தலையிலை பாலும் அறுகம்புல்லும் வைச்சு முழுக வார்க்கிறது. அதுக்குத் தாய்மாமன் தேங்காய் உடைக்கோணும். தாய்மாமன் எண்டால் என்ன மரியாதை எண்டு கோயம்புத்தூர்க்காரருக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஞாயிறு காலமை ஆறரைக்குப் பாலறுகு. "அண்ணை, சனிக்கிழமை பின்னேரமே வந்திடுங்கோ" எண்டு தயா சொன்னவள். சனிக்கிழமை காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுறதெண்டு முடிவு. அறுநூற்றி ஐம்பது கிலோமீற்றர். ஃபோன் ஆறரை மணித்தியாலம் எண்டுது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேர்ண். எப்பிடி?

ஆறு மணிக்குக் காரை இயக்கப் போறன், பவளம் சொல்லுறாள், "பொறுங்கோ, ராகு காலம்."

"சனிக்கிழமை ராகு காலம் ஒன்பது மணிக்கடி" எண்டன்.

"ஊரிலை இப்ப ஒன்பதரை" எண்டாள்.

தம்பி, ஊருக்கும் இங்கைக்கும் மூண்டரை மணித்தியாலம் வித்தியாசம். ஊர் ராகு காலம் இங்கை அஞ்சரையிலை இருந்து ஏழு. சரி, ஏழு மணிக்குப் போவம் எண்டால், குளிச்சு, இடியப்பம் கட்டி, அடுப்பு நூந்திட்டுதோ எண்டு மூண்டு தரம் பாத்து, கதவைப் பூட்டேக்கை எட்டு ஐம்பத்தைஞ்சு. "இப்ப ஜெர்மன் ராகு காலம் தொடங்கப்போகுது" எண்டாள். அது பத்தரை வரைக்கும். ரெண்டு நாட்டு ராகுவும் எங்களுக்குத்தான். ஃபோனிலை இதுக்கு ஒரு பொத்தான் இருக்கோ சொல்லுங்கோ.

பத்தரைக்கு வெளிக்கிட்டம். பிராங்க்ஃபேர்ட்டிலை பவளத்தின்ரை ஒண்டுவிட்ட அண்ணை கதிரவேலு. அந்த வழியாலை போய் அவரைப் பாக்காமல் போனால் பிறகு ஒரு தலைமுறைக்குக் கதை. ஒரு தேத்தண்ணி எண்டுதான் இறங்கினனாங்கள். சோறு, சோத்துக்குப் பிறகு மகன்ரை சைக்கிள், சைக்கிளுக்குப் பிறகு அவற்றை முழங்கால் ஒப்பரேசன் வீடியோ. முழுசாப் பாத்தம் தம்பி, தையல் போடுற வரைக்கும். பிறகு கார்ல்ஸ்ரூவிலை என்ரை சிநேகிதன் கருணைநாதன். "ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடுங்கோ" எண்டான். உள்ளுக்கை போய்ப் பாத்தால் பாயும் தலையணியும் போட்டாச்சு. விரிச்ச பாயைச் சுருட்டச் சொல்ல எங்களுக்கு வாய் வருமோ? விடியக் காலமை நாலுக்கு எழும்பி ஓடலாம் எண்டு படுத்தம். எழும்பினம், ஓடேல்லை. அவன்ரை மனுசி ரோட்டிலை சாப்பிடுங்கோ எண்டு புட்டு அவிக்கத் தொடங்கிட்டா. ஆறு பத்துக்குத்தான் கார் அசைஞ்சுது.

எல்லையிலை ஒரு அதிகாரி டிக்கியைத் திறக்கச் சொன்னார். நாப்பது தேங்காய். சுவிசிலை நல்ல தேங்காய் இராது எண்டு எனக்கு ஒரு எண்ணம். தயா கேக்கேல்லை, நானாத்தான் கொண்டு போனனான். "இது என்ன?" எண்டார். நான் எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனிலை சொன்னன்: "கவனம். முன்னால் கலியாணம். நாற்பது தேங்காய். நீண்ட தாமதம் எதிர்பார்க்கப்படுகிறது." மனுசன் மற்ற அதிகாரியைக் கூப்பிட்டு, திரும்பச் சொல்லச் சொன்னார். நான் திரும்பச் சொன்னன். அவர் மூண்டாவது ஆளைக் கூப்பிட்டார். நல்ல மனுசர், நல்லாச் சிரிச்சவை. ஆனால் இருபது நிமிசம்.

மண்டபத்துக்குப் போய்ச் சேரேக்கை பதினொரு மணி. நாலரை மணித்தியாலம் பிந்தி. தேங்காய் உடைச்சாச்சு. தாலி கட்டியாச்சு. பந்தி நடக்குது.

தேங்காய் உடைச்சது ஆர் தெரியுமோ? ஒஸ்லோ நாவுக்கரசு. எங்கட சித்தியின்ரை மகன். முறைக்கு அவனும் மாமன்தான். பிளேனிலை வந்தவன். ரெண்டு நாள் முந்தியே வந்து, வாழையிலை துடைச்சுக்கொண்டு நிண்டவனாம். என்னைக் கண்டு, "என்னடாப்பா, ரோட்டிலை நல்ல ஸ்டவ்வோ?" எண்டு கேட்டான். ஸ்டவ் எண்டால் தெரியும்தானே, ரோட்டு அடைபட்டு நிக்கிறது. அந்தச் சொல்லை எனக்குச் சொல்லுறான்! இருபத்தாறு வருசம் ஒவ்வொரு அரை மணித்தியாலமும் நான் கேட்ட சொல்லு!

தயா மண்டப வாசல்லை நிண்டவள். "பரவாயில்லை அண்ணை" எண்டாள். "சாப்பிட்டிட்டுப் போங்கோ."

சிரிக்கேல்லை.

சரி, விடுங்கோ. அந்த நாப்பது தேங்காயையும் திருப்பிக் கொண்டு வந்து ரெண்டு மாதம் சம்பல் திண்டம்.

அதுக்குப் பிறகுதான் நான் படிக்கத் தொடங்கினன். ஒரு கொப்பி போட்டன். சும்மா எழுதேல்லை, அளந்து எழுதினன். ஐரோப்பாவிலை தமிழ் ஆக்கள் காரிலை போறதுக்கு உண்மையிலை எவ்வளவு நேரம் எடுக்கும்? இதை ஒருத்தரும் ஆராய்ச்சி செய்யேல்லை. அஞ்சு வருசம், இருபத்திரண்டு வீடு. பவளம் ஒவ்வொரு வீட்டிலையும் முழங்கையாலை இடிப்பாள், "மணிக்கூட்டைப் பாக்காதேங்கோ, மரியாதை இல்லை" எண்டு. நான் மேசைக்குக் கீழை பாப்பன்.

அதிலை நான் கண்டுபிடிச்ச முக்கியமான விசயம் ஒண்டு. அதுக்கு நான் வைச்ச பேர் வாசல் நேரம். "சரி, அப்ப போட்டு வாறம்" எண்டு சொன்ன நிமிசத்திலை இருந்து கார்ச் சில்லு உருளுற நிமிசம் வரைக்கும் எவ்வளவு எண்டு நினைக்கிறியள்? அஞ்சு? பத்து? முப்பத்தெட்டு நிமிசம் தம்பி. அதுதான் சராசரி. "போட்டு வாறம்" எண்டு சொல்லி ஒருக்கா இருக்கிறது. எழும்பி நிண்டு ஒரு கதை. சப்பாத்துப் போடேக்கை ஒரு கதை. வாசல்லைதான் உண்மையான கதை, அந்த வீட்டு மகளுக்கு மாப்பிளை பாக்கிறது, ஊர்க்காணிப் பிரச்சினை, எல்லாம் வாசல்லைதான் வரும். உள்ளுக்கை மூண்டு மணித்தியாலம் இருந்து கதைச்சதெல்லாம் சும்மா காலநிலை. பிறகு கார்க் கண்ணாடியை இறக்கி ஒரு கதை. மிகக் குறைஞ்சது பதினாலு நிமிசம், அவை ஒரு செத்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கூடினது ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிசம், அதிலை திரும்ப உள்ளுக்கை போய்ச் சாப்பிட்டம்.

இனி என்ரை கணக்கைக் கேளுங்கோ. ஃபோன் சொல்லுற நேரத்தோடை அதின்ரை பாதியைக் கூட்டு. ஒரு தமிழ் வீட்டுக்கு ஒரு இரவு. ஒவ்வொரு வீட்டுக்கும் வாசல் நேரம் தனி. மறந்த சாமானை எடுக்கத் திரும்பிப் போறது ஒருக்கா, கட்டாயம். ராகு காலம் ரெண்டு. பெற்றோல் செட்டிலை தமிழ் ஆக்களைக் கண்டால் நாப்பத்தைஞ்சு நிமிசம்.

சிரிக்கிறியள். கொப்பி காரிலை கிடக்கு, காட்டட்டோ? உங்களையும் சேர்த்துத்தான் போட்டனான்!

வாறன் பவளம்! இது பிளானிலை இருக்கு!

இப்ப ரெண்டாவது பெட்டை நிலானிக்குக் கலியாணம். மூண்டு மாதத்துக்கு முன்னாலை தயா ஃபோன் எடுத்தாள். எங்கட வீட்டிலை ஃபோன் கதைக்கிறது முழுக்கப் பவளம்தான். நான் பகலிலை படுக்கிறனான். அண்டைக்கு என்னை எழுப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, பாலறுகு காலமை ஆறரைக்கு. கார்ட் அனுப்பியிருக்கிறன். அதிலை இருக்கிற நாளை வடிவாப் பாருங்கோ."

"ஏன், எனக்கு வாசிக்கத் தெரியாதோ?" எண்டன்.

"நாவுக்கரசு அண்ணை வியாழக்கிழமையே வாறாராம்" எண்டாள்.

குத்துது பாத்தியளோ? "நீ வராட்டியும் ஆள் இருக்கு" எண்டு சொல்லுற மாதிரி. பிறகு "வந்திடுங்கோ அண்ணை" எண்டு வைச்சிட்டாள். எனக்கு அண்டைக்கு நித்திரையே வரேல்லை. நான்தான் தாய்மாமன். நான் ஒருத்தன்தான் இருக்கிறன். எனக்கு ஒரு பதில் ஆளோ?

ரெண்டு நாளாலை கார்ட் வந்தது. சனிக்கிழமை. நாளைக்கு. சனிக்கிழமை கலியாணமோ எண்டு கொஞ்சம் யோசிச்சன். பிறகு, ஐரோப்பாவிலை மண்டபம் கிடைக்கிற நாள்தானே நல்ல நாள் எண்டு விட்டிட்டன். ஆனால் ஒண்டு சொல்லோணும், கார்ட் அடிச்சதிலை எனக்குத் தனி மரியாதை தந்திருக்கிறாள். இண்டைக்குத்தான் பாத்தன், மற்ற ஆக்களுக்கு வந்தது மெல்லிசு, பொன் எழுத்து. எனக்கு வந்தது நல்ல தடிப்பு, எழுத்து அடக்கமான மஞ்சள். தாய்மாமனுக்கெண்டு வேறையா அடிச்சிருக்கினம். காரிலை முன்னாலை வைச்சிருக்கிறன், பிறகு காட்டுறன்.

லீவு எழுதிக் குடுத்து, புதன்கிழமை வெளிக்கிட்டம். ஓம், சனிக்கிழமைக் கலியாணத்துக்குப் புதன்கிழமை! புதன் இரவு கதிரவேலு வீடு. இந்த முறை மற்ற முழங்கால் வீடியோ. நேற்று இரவு கருணைநாதன் வீடு. எல்லாம் கணக்குப்படி. கணக்கை விட ஒரு மணித்தியாலம் பத்து நிமிசம் முந்தித்தான் நிக்கிறன். அதுதான் ஆறுதலாக் கண்ணாடி துடைக்கிறன். மாமன் வாற கார் பளிச்செண்டு இருக்கோணும்.

ஆனால் இண்டைக்குக் கருணைநாதன் வீட்டிலை ஒரு விசயம் நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறம். அவன் சொல்லுறான், "நாங்கள் நாளைக்குப் பின்னேரம் வெளிக்கிட்டால் காணும்."

"விசரே உனக்கு? நாளைக்குக் காலமை கலியாணமடா!" எண்டன்.

அவன் மனுசியைப் பாத்தான். மனுசி பவளத்தைப் பாத்தா. பிறகு கருவேப்பிலை எடுக்க வேணுமெண்டு குசினிக்கை ஓடிட்டா. சாப்பிட்டு முடியிற நேரம் ஆருக்குக் கருவேப்பிலை? நான் எழும்பிப் போய்ப் பாக்கிறன், பிரிட்ஜிலை அவைக்கு வந்த கார்ட் ஒட்டிக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை எண்டு அடிச்சிருக்கு!

அச்சுப் பிழை தம்பி. என்ன செய்யிறது, அடிக்கிறவன் கவனமில்லாமல் அடிச்சிருக்கிறான். "கருணைநாதா, உனக்கு வந்தது பிழைக் கார்ட்" எண்டன். அவன் தண்ணி குடிச்சான். புரையேறிட்டுது.

பவளம் என்ன செய்தாள் தெரியுமோ? முப்பத்தொரு வருசத்திலை முதல் தரம், எனக்கு முன்னாலை போய்க் காரிலை ஏறி இருந்திட்டாள். "வெளிக்கிடுங்கோ, வெளிக்கிடுங்கோ" எண்டு. வாசல் நேரம் ஆறு நிமிசம்! செத்த வீட்டுச் சாதனையையே முறிச்சிட்டம். அஞ்சு வருசமா நான் குடுத்த பயிற்சி வீண் போகேல்லை எண்டு சந்தோசப்பட்டன்.

ஆனால் மனதுக்கை ஒரு பயம். எத்தினை பேருக்கு அந்தப் பிழைக் கார்ட் போயிருக்கோ? எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வந்து நிண்டால்? நாளைக்கு மண்டபத்திலை நானும் ஐயரும் மட்டும் இருந்தால்? முந்நூறு பேருக்குச் சமைச்ச சோத்தை ஆர் தின்னுறது? வெளிக்கிட்டதிலை இருந்து தயாவுக்கு ஃபோன் எடுக்கிறன், எடுக்கிறாள் இல்லை. அது சரி, கலியாண வீட்டுத் தாய்க்கு ஃபோன் எடுக்க எங்கை நேரம்? நான் நேரை போய்ச் சொல்லுறதுதான் வழி. நல்ல காலம், ஒருத்தனுக்காவது சரியான கார்ட் வந்தது.

என்ன? … என்ன கேட்டனியள்?

மற்ற ஆக்களுக்கு என்ன நாள் போட்டிருக்கெண்டோ? கருணைநாதனுக்கு ஞாயிறு. சொன்னன்தானே. கதிரவேலுவுக்கு… பொறுங்கோ. கதிரவேலுவும் "ஞாயிறு காலமை சந்திப்பம்" எண்டு வாசல்லை சொன்னவர். நான் அது வேறை ஏதோ ஞாயிறு எண்டு விட்டிட்டன். டோர்ட்முண்டிலை எங்கட மேல் வீட்டு ஆக்கள், அவையும் நாளைக்குத்தான் வெளிக்கிடுகினம்.

அப்ப சனிக்கிழமை எண்டு ஆருக்கு வந்திருக்கு?

ஒரு நிமிசம் நில்லுங்கோ. கார்ட்டை எடுக்கிறன்.

… இதைப் பாருங்கோ. தடிப்புத்தானே? ஓரம் பாருங்கோ. மிசினிலை வெட்டின ஓரம் இல்லை. கத்தரிக்கோல். மஞ்சள் எழுத்து, இதிலை கை வைக்க ஒட்டுது. இது வீட்டிலை அடிச்சது தம்பி. நிலானிதான் அடிச்சிருப்பாள், அவளுக்குத்தான் உந்தக் கம்பியூட்டர் வேலை தெரியும். தாயும் மகளும் இருந்து அடிச்சிருக்கினம்.

ஒரே ஒரு கார்ட்.

கொட… கொட… டொக். கேக்குதோ? கார் ஆடுது பாருங்கோ. சிரிக்கிறாள் தம்பி. பவளம்! உனக்குத் தெரியுமோ? … மூண்டு மாதமாவோ? … வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டுறாள். தேங்காய் எல்லாம் உருளுது.

தொண்ணூற்றி ரெண்டிலை நான் பிந்தினது ஏழு மணித்தியாலம். ஆரணியின்ரை கலியாணத்துக்கு நாலரை. அவள் எனக்கு விட்டிருக்கிறது இருபத்திநாலு. நான் அஞ்சு வருசம் கொப்பி எழுதி, மேசைக்குக் கீழை மணிக்கூடு பாத்து, புதன்கிழமை வெளிக்கிட்டு வாறன். அவள் ஒரு கொப்பியும் எழுதேல்லை.

ஆத்திரமோ? வரோணும்தான். தேடிப் பாக்கிறன், வரேல்லை.

நாவுக்கரசு நேற்றே வந்து நிக்கிறான் தம்பி. வேட்டியைக் கட்டி ஒரு தேங்காயைக் கையிலை குடுத்தால் வேலை முடிஞ்சுது. எவ்வளவு சுகம்! அவன் வாறான் எண்டு எனக்குச் சொன்னது என்னைக் குத்த இல்லை. வேறை என்னத்துக்கு எண்டு இப்பதான் விளங்குது. அவன் கையிலை குடுக்க விருப்பமில்லாமல்தான், மகளையும் இருத்தி வைச்சு, கத்தரிக்கோலாலை வெட்டி, எனக்கெண்டு ஒரு சனிக்கிழமையைச் செய்து தபாலிலை போட்டிருக்கிறாள்.

ஃபோனை ஏன் எடுக்கேல்லை எண்டும் விளங்குது. எடுத்தால் சிரிச்சுப் போடுவாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. சின்னனிலை இருந்தே வராது.

சரி. நான் என்ன செய்யப் போறன் தெரியுமோ? ஒண்டும் தெரியாத மாதிரிப் போகப் போறன். நாளைக்கு விடியக் காலமை ஆறரைக்கு வேட்டி கட்டி, சால்வை போட்டு, தேங்காயோடை அவளின்ரை அறை வாசல்லை போய் நிப்பன். "எங்கை தயா, பொம்பிளை இன்னும் எழும்பேல்லையோ? ஐயர் வரேல்லையோ? எனக்கு நேரம் போகுது!" எண்டு கேப்பன். அவளின்ரை முகத்தை ஒருக்காப் பாக்கோணும். நாவுக்கரசு பல்லுத் தீட்டுற பிரசோடை வெளியிலை வருவான், அவனிட்டையும் கேப்பன், "என்னடாப்பா, இப்பதான் எழும்புறியோ?" எண்டு.

அந்தா, உங்கட வீட்டுக்காரி கோப்பியோடை வாறா. வணக்கம் பிள்ளை! ஒண்டுமில்லை, உங்கட பிளானைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். தம்பி, லுசேர்ணிலை நாளைக்கும் நில்லுங்கோ. ஏரியைப் பகலிலை பாருங்கோ. ஞாயிறு விடியவே மலையைத் தாண்டுங்கோ. வெனிஸ் எங்கையும் போகாது, தண்ணிக்கைதானே நிக்குது. ஒரு நாள் கூட விடுறதிலை வெக்கமில்லை.

எனக்கும் இப்ப ஒரு நாள் கூடக் கிடக்கு. பாசலிலை எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன் இருக்கிறான், கனநாளாக் கூப்பிடுறான், ஒரு தேத்தண்ணி மட்டும்… இல்லை, இல்லை பவளம்! சும்மா சொன்னனான்! ஹோர்ன் அடிக்காதை! நேரை பேர்ண்தான்!

சரி, அப்ப போட்டு வாங்கோ. … கோயம்புத்தூரிலை எவடம்? … ஓ, அங்கை தறி ஓடுற சத்தம் கேக்கும் எண்டு சொல்லுவினம், உண்மையோ? … ஓமோம், கோப்பி ஆறப்போகுது, ஏறுங்கோ. … ஒண்டு கேக்க மறந்திட்டன், பிள்ளையளோ? … நல்லது, நல்லது. கண்ணாடியை ஏத்துங்கோ, பெற்றோல் மணம் வருது. எத்தினை நிமிசம் எண்டு பாத்தனியளோ? நான் பாக்கேல்லை. போட்டு வாங்கோ, போட்டு வாங்கோ!

… பவளம், கொஞ்சம் பொறு. இந்தப் பக்கத்து மூலை மட்டும்தான் மிச்சம். பூச்சி காய்ஞ்சு ஒட்டிப் போச்சு. தண்ணி விட்டுக் கொஞ்சம் ஊறப் போட்டிட்டுத்தான் துடைக்கோணும்.